ஏழுக்குக் கீழே இறங்காதே

“உங்க வலிக்கு எத்தனை மார்க் போடுவீங்க? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல தாங்க முடியாதுன்னு அர்த்தம்” என்று வலி டாக்டர் கேட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த கிரேன், டாக்டரின் முகத்தைப் பார்த்தான். மேசைமேல் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைப் பார்த்தான். பிறகு, “நீங்களே ஒண்ணு சொல்லுங்க டாக்டர்” என்றான்.

“நான் எப்படிச் சொல்றது? வலி உங்களோடது.”

“பரவாயில்ல. முதல்ல நீங்க சொல்லுங்க.”

டாக்டர் இது மரியாதை என்று நினைத்துக்கொண்டார். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களின் சட்டம் அது. எந்தப் பேச்சிலும் முதல் எண்ணை எதிராளிதான் சொல்ல வேண்டும். நாம் முந்திக்கொண்டு வாயைத் திறந்தால் அன்றைக்கு முதுகு நம்முடையது இல்லை.

கிரேன் இருபத்திரண்டு வருடமாக அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குகிறான். ஏணிப்பலகை போடாமலேயே எட்டாவது அடுக்குக்கு மூட்டையை ஏற்றியவன் என்பதால் வந்த பெயர் அது. மூன்று வருடமாக இடுப்புக்குச் சற்று மேலே வலி. குனிந்தால்கூடத் தொல்லை இல்லை. நிமிர்ந்து பின்னால் சாய்ந்தாலோ, மூட்டையோடு இடப்பக்கம் திரும்பினாலோ, துருப்பிடித்த ஆணியை யாரோ உள்ளே திருகுவது போல இருக்கும். ஆனால் யார் கேட்டாலும் “சுளுக்கு” என்றுதான் சொல்லி வந்தான். கிடங்கில் இரண்டிரண்டு பேராக ஜோடி போட்டு வேலை. “வலிக்குது” என்று ஒருவன் சொன்னால் மறுநாள் அவனுடைய ஜோடிக்காரன் வேறு ஆளோடு நிற்பான். யாரும் திட்ட மாட்டார்கள். நகர்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

டாக்டருக்கு எதிரே இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கிரேனின் மச்சான், அவன் மனைவிக்கு அண்ணன். கிடங்கில் கிரேனோடு சேர்த்து மூட்டை தூக்குகிற எட்டுப் பேர் கூட்டத்துக்காகச் சூப்பர்வைசரிடம் பேசுகிற ஆள். ஆளுக்கு இருநூறு மூட்டை என்று காலையில் சூப்பர்வைசர் ஆரம்பிப்பார். இவர் நூறு என்பார். ஐந்து ஐந்தாக ஏறுவார். பாதியில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். “இதை நாளைக்குப் பேசிக்கலாமே” என்பார். இன்றைய வேலையை எப்படி நாளைக்குப் பேசுவது என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு நூற்று நாற்பதுக்கு வந்துவிடுவார். அதனால் அவருக்கு வாய்தா என்று பெயர்.

இப்போது வாய்தா தொண்டையைச் செருமினார். “பதினொண்ணு டாக்டர்.”

“பத்துதான் உச்சம்.”

“அப்ப பத்துன்னு வச்சுக்குங்க.”

“பத்துன்னா மனுஷனால பேசக்கூட முடியாதுங்க. கத்திக்கிட்டுக் கிடப்பார்.”

வாய்தா திரும்பி, “கத்து மாப்ளே” என்றார்.

கிரேனுக்கு வெட்கமாகிவிட்டது. ஏதோ ஒரு சத்தம் போட்டான். வெற்றிலை தொண்டையில் சிக்கிய மாதிரி இருந்தது. ஓரத்தில் நின்ற நர்ஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏழு போடட்டுமா?” என்றார் டாக்டர்.

“ஒன்பது.”

“எட்டு” என்று சொல்லி எழுதியே விட்டார் டாக்டர். பத்து வருடம் படித்த மனிதர், தான் ஒரு பேரத்தில் கலந்துகொண்டோம் என்பதையே உணரவில்லை. வாய்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முதல் நாளிலேயே எதிராளியை ஒரு படி ஏற்றிய திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். இங்கே தேய்மானம், இங்கே வீக்கம், இங்கே ஜவ்வு பிதுக்கம் என்று நான்கு இடங்களைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். கிரேன் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“பயப்படாதீங்க. உங்க வயசுல யாரை எடுத்தாலும் இந்தப் படம்தான் வரும். வலியே இல்லாதவனுக்கும் இதே படம்தான்.”

“அப்ப இதை எதுக்கு எடுத்தோம்?” என்றார் வாய்தா.

டாக்டர் பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து முழுக் கோப்பையும் குடித்தார். பிறகு பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால் இரண்டு சின்ன மூட்டுகள், கதவுக்குக் கீல் மாதிரி. கீல் கெட்டால் கதவு முனகும். அந்த முனகலை மூளைக்குக் கொண்டுபோவது நூல் கனத்தில் ஒரு நரம்பு. எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பின் மேல் ஊசியை இறக்கி, மரத்துப்போகிற மருந்து சில சொட்டு விட வேண்டும். மருந்து இருக்கிற சில மணி நேரத்துக்கு வலி போய்விட்டால், குற்றவாளி அகப்பட்டான் என்று அர்த்தம். அது வெறும் சோதனை. இரண்டு தடவை செய்து பார்ப்பார்கள். இரண்டிலும் அகப்பட்டால்தான் நிஜ வைத்தியம். ஊசி முனையில் சூடேற்றி அந்த நரம்பைச் சுட்டுவிடுவார்கள். ஒரு வருடத்துக்குக் குறையாமல் நிம்மதி கிடைக்கலாம். நரம்பு மறுபடி முளைத்தால் மறுபடி சுடலாம்.

“சோதனையில வலி போகலன்னா?” என்று கிரேன் கேட்டான்.

“அது இல்ல, வேற எதுவோன்னு அர்த்தம். வேற இடத்தைத் தேடணும். ரெண்டு மூணு மாசம்கூட ஆகும்.”

கிரேனிடம் ரெண்டு மூணு மாசம் இல்லை. அவனிடம் இருந்தது பதினெட்டு நாள். அவன் மூட்டையோடு திரும்ப முடியாமல் நின்றதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். மாதக் கடைசிக்குள் காரணமும் வைத்தியமும் எழுதிய டாக்டர் கடிதம் வர வேண்டும், இல்லையென்றால் ஜோடியில் வேறு ஆளைப் போட்டுவிட்டு அவனைக் கணக்கு தீர்த்து அனுப்பிவிடுவார்கள். சூப்பர்வைசர் இதை விளக்கமாகவே சொல்லியிருந்தார்: “காரணம் தெரிஞ்ச வலின்னா அது வியாதி. காரணம் தெரியாத வலின்னா அது சோம்பேறித்தனம். கம்பெனி ரூல்.”

வெளியே டீக்கடையில் வாய்தா இதையெல்லாம் தராசில் வைத்துப் பார்த்தார்.

“மாப்ளே, நல்லா யோசி. ஊசி போட்ட உடனே ‘ஐயோ, சுத்தமா போயிடுச்சு’ன்னு நீ குதிச்சேன்னு வை. அவர் என்ன சொல்லுவார்?”

“என்ன சொல்லுவார்?”

“‘போயிடுச்சா? சந்தோஷம். வீட்டுக்குப் போ’ன்னு சொல்லுவார். சும்மா இருக்கிறவனுக்கு யாராவது சூடு வைப்பாங்களா? நமக்கு வேண்டியது எது? சொட்டு மருந்தா, சூடா?”

“சூடு.”

“அப்ப வலி மிச்சம் இருக்கணும். முழுசா மிச்சம் இருந்தா மருந்து வேலை செய்யலன்னு நினைப்பார். அதனால கொஞ்சம் இறங்கு. எட்டுல இருந்து ஏழு. அதுக்கு மேல அவர் கெஞ்சினாலும் இறங்காத. அரை அரையா இறங்கறதை நான் பார்த்துக்கறேன்.”

கிரேன் டீயை ஊதினான். இருபத்திரண்டு வருடத்தில் வாய்தா பேசித் தோற்றதை அவன் பார்த்ததில்லை. நூற்று நாற்பது மூட்டையை நம்பி வாழ்ந்தவன் ஏழு என்ற எண்ணை நம்பாமல் போவானா?

*

சோதனை நாளில் அவனைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மேசை குளிர்ந்தது. வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை. தலைக்கு மேலே வளைந்து நின்ற எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்து, இதுதான் நிஜமான கிரேன் என்று நினைத்துக்கொண்டான். நர்ஸ் முதுகில் மருந்துத் தண்ணீர் தேய்த்தாள். அது இடுப்பு வழியாக ஓடி, போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று.

“மயக்க மருந்து கிடையாது. தூங்கிட்டீங்கன்னா வலி போச்சா இல்லையான்னு யார் சொல்றது?” என்றார் டாக்டர். கதவுக்கு வெளியே இருந்த வாய்தா சார்பாகக் கிரேன் இதை மனதில் குறித்துக்கொண்டான். ஆளை முழிப்போடு வைத்துப் பேசுகிறார். நல்ல எதிராளி.

முதல் குத்து எரிந்தது. அதன்பின் ஊசி ஆழமாக இறங்கியது. “இதுதானா? உங்க வலி வர்ற இடம் இதுதானா?” ஊசி எலும்பைத் தட்டியபோது கிரேனின் கால்விரல்கள் தாமாகவே மடங்கின. அதேதான். மூன்று வருடமாக ஆணி திருகிய அதே இடம். இத்தனை நாள் ஊர்பேர் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தவனை யாரோ கதவைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. “அதேதான்” என்று சொல்லவும் வாயெடுத்தான். பேச்சு நடக்கும்போது உண்மையை உளறக் கூடாது என்பது ஞாபகம் வந்து, “இருக்கலாம்” என்றான்.

இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடத்தில் மருந்து விட்டார்கள். கால் மணி நேரம் கழித்து எழுந்து உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்தான். எழுந்து நின்றான்.

வலி இல்லை.

குறைந்திருந்தது என்று சொல்ல முடியாது. இல்லை, அவ்வளவுதான். வீட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள், நிறுத்திய பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது. அவனுக்கு அந்த நர்ஸைத் தூக்கி எட்டாவது அடுக்கில் வைக்க வேண்டும் போல இருந்தது.

“இப்ப எத்தனை?” என்றார் டாக்டர்.

கிரேனின் வாய் பூஜ்யத்துக்குத் தயாராகக் குவிந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வாய்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏழு” என்றான்.

டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. “பின்னால சாய்ங்க பார்ப்போம்.”

சாய்ந்தான். தென்னங்கீற்று வளைகிற மாதிரி முதுகு அழகாக வளைந்தது. பாதி தூரம் போன பிறகுதான் தன் கடமை ஞாபகம் வந்து, “ஆ, அம்மா” என்றான். சத்தம் தாமதமாக வந்தது. மின்னல் அடித்து ரொம்ப நேரம் கழித்து இடி வருவது போல.

“இடது பக்கம் திரும்புங்க.”

“அம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். இந்தத் தடவை சத்தம் முந்திவிட்டது.

டாக்டர் கணினியில் ஏழு என்று தட்டினார். கண்ணெதிரே ஒருவன் பம்பரமாகத் திரும்பியதைப் பார்த்தும் ஏழு என்றே தட்டினார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கணினியில் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. கண்ணுக்குக் கட்டம் இல்லை.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். அரை மணிக்கு ஒரு கட்டம். “வீட்டுக்குப் போய்ப் படுத்துடாதீங்க. வழக்கமா எது செஞ்சா வலிக்குமோ அதைச் செஞ்சு பாருங்க. அரை மணிக்கு ஒருதரம் எத்தனைன்னு எழுதுங்க. ஆறு மணிக்கு மூடிடுவோம், அதுக்குள்ள தாள் வரணும்.”

தாளை வாய்தா வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

கிரேனின் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று வெளியே போய் நம்பரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இரும்பு அலமாரி எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. கட்டில் ஜன்னல் ஓரமாகத் திரும்பியிருந்தது. எரிவாயு சிலிண்டர், அரிசி டின், தையல் மிஷின் எல்லாம் நடு அறையில் நின்றன. கிரேன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான், கையில் துடைப்பம், தலை முழுக்க ஒட்டடை.

“காணாமப் போச்சுன்னியே, உன் கம்மல் திருகு. அங்க இருந்துச்சு” என்று பல்லைக் காட்டினான்.

வாய்தா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டரை ஆகப் போகுது. மாப்ளே, ஆறரைன்னு போட்டுடவா?”

“எதிர்ல சூப்பர்வைசரா இருந்தா இந்நேரம் என்ன சொல்லியிருப்பீங்க?”

“ஏழுலயே நின்னிருப்பேன்.”

“அப்ப நில்லுங்க.”

வாய்தா ‘ஏழு’ என்று எழுதினார்.

“என்ன ஏழு?” என்றாள் அவள்.

“வலி” என்றார் அண்ணன்.

“யாருக்கு?”

“உன் புருஷனுக்குத்தான்.”

அவள் அலமாரியைப் பார்த்தாள். நான்கு பேர் சேர்ந்து மாடியேற்றிய அலமாரி. ஒட்டடையோடு நிற்கும் புருஷனைப் பார்த்தாள். “அண்ணே, அதை இங்க குடு.”

“இது ஆம்பளைங்க சமாச்சாரம்...”

“குடுன்னா குடு.”

தாளை வாங்கியவள் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. முதல் வேலையாகத் திருப்பினாள். பதினாறு வருடமாக எந்தச் சட்டையையும் உட்புறம் திருப்பி, கழுத்துப் பட்டிக்குக் கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்காமல் சூடு வைத்தவள் இல்லை. மேலே பட்டு மாதிரி இருக்கும், உள்ளே வேறு கதை எழுதியிருக்கும். தாளின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. சத்தமாகப் படித்தாள்.

“வலி எண்பது சதவீதமாவது குறைந்தால் மட்டுமே சோதனை வெற்றி எனக் கொள்ளப்படும். வெற்றி எனில் மட்டுமே நரம்புக்குச் சூடு வைக்கும் சிகிச்சை அளிக்கப்படும். குறையவில்லை எனில் வலிக்கு இம்மூட்டுகள் காரணமல்ல எனச் சான்றளிக்கப்படும்.”

படித்துவிட்டுத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அங்க என்ன சொன்னீங்க?” என்று புருஷனைக் கேட்டாள்.

“ஏழு.”

“நிஜத்துல?”

கிரேன் துடைப்பத்தைக் கீழே வைத்தான். “ஒண்ணுமே இல்லடி. சுத்தமா இல்ல.”

“அப்ப காரணம் அகப்பட்டுப் போச்சு. அகப்பட்டவனை நீங்களே கூட நின்னு தப்ப விட்டுட்டு வந்திருக்கீங்க.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் இருவரும் கொஞ்சம் நிம்மதி அடைந்திருப்பார்கள். “பதிமூணு நாள் இருக்கு. வேற இடத்தைத் தேட மூணு மாசம்னு டாக்டர் சொன்னார்ன்னீங்களே? உங்க ஜோடியில யாரைப் போடுவாங்கன்னு அண்ணன் பேசி முடிச்சிட்டாரா, இல்ல அதுக்கும் வாய்தாவா?”

வாய்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் தொழில் விடுமா? “பின்பக்கம் எழுதியிருக்கிறது அவங்க கேட்கிற எண்பதும்மா. கேட்கிறதை எல்லாம் அப்படியே குடுத்துடறதா? அறுபதுக்குப் பேசிப் பார்க்கலாம்.”

“அண்ணே.”

“சொல்லும்மா.”

“செருப்பை மாட்டு. ரெண்டு பேரும் கிளம்புங்க. மருந்து தீர்றதுக்குள்ள போகணும்.”

*

நாலு மணிக்கு வலி டாக்டரின் அறையில் மூன்று பேரும் நின்றார்கள். நாற்காலி இரண்டுதான் இருந்தது, யாரும் உட்காரவில்லை.

“அப்ப ஏழுன்னு சொன்னது?” என்றார் டாக்டர்.

“சும்மா சொன்னது” என்றான் கிரேன்.

“முதல் நாள் எட்டுன்னீங்களே?”

“அதுவும் சும்மாதான். அது நீங்க சொன்னது.”

“நானா?”

“நீங்கதான் டாக்டர் எட்டுன்னீங்க. நாங்க ஒன்பதுல இருந்தோம்” என்றார் வாய்தா. நியாயம் நியாயம்தானே.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். அவரும் பாவம். காலையிலிருந்து பதினேழு முதுகு பார்த்திருந்தார். “இப்ப எத்தனை?”

“பூஜ்யம்.”

“இது நிஜமா?”

“நிஜம்.”

“எதை வச்சு நான் நம்பறது? எண்பது சதவீதம்னு படிச்சுட்டு வந்து பூஜ்யம்ங்கறீங்க. காலைல சொன்ன நம்பரை இயந்திரம் ஏத்துக்கிச்சு. ‘காரணம் இதுவல்ல’ன்னு கம்பெனிக்குக் கடிதம்கூட அதுவே தயார் பண்ணிடுச்சு. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.”

கையெழுத்து என்றதும் வாய்தா விழித்துக்கொண்டார். பாக்கி இருக்கிற எதிலும் அவருக்கு இடம் உண்டு. “டாக்டர், உங்களுக்கும் வேணாம் எங்களுக்கும் வேணாம். எத்தனைக்குக் கீழ வந்தா சரி?”

“எட்டுல எண்பது சதவீதம் போனா, ஒண்ணு புள்ளி ஆறு.”

“ரெண்டுன்னு முடிச்சுக்கலாமா?”

“ரெண்டு ஆகாதுங்க. ஒண்ணு புள்ளி ஆறு.”

“ஒண்ணே முக்கால்.”

“அண்ணே, வெளில போய் உட்காரு” என்றாள் தங்கை. வாய்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கதவைத் திறந்து பிடித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய்தா எதையும் தள்ளிப்போடாமல் உடனே எழுந்து போனார்.

அவள் டாக்டரிடம் திரும்பினாள். “இவர் சொல்றதை நம்ப வேணாம் டாக்டர். என்ன கேட்டாலும் சுளுக்குன்னு சொல்ற மனுஷன். ராத்திரி புரண்டு படுக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம்தான் எனக்குத் தெரியும். மருந்து எப்ப தீரும்?”

“ஐஞ்சு, ஐஞ்சரை.”

“தீர்ந்ததும் வலி திரும்பி வரும்ல?”

டாக்டர் தேய்ப்பதை நிறுத்தினார். “அதே இடம்னா வரணும்.”

“அப்ப இங்கயே உட்கார்றோம். வர்றதை நீங்களே பார்த்துக்குங்க.”

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். “கால் மணிக்கு ஒருதரம் இவரைப் பின்னால சாயச் சொல்லிப் பாரு. நம்பர் அப்புறம் கேளு. முதல்ல முகத்தைப் பாரு.”

அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வலி போகக் காத்திருந்தார்கள். ஒரே ஒரு குடும்பம் மட்டும் வலி வரக் காத்திருந்தது.

நாலேகாலுக்குக் கிரேன் சாய்ந்தான், முகம் மலர்ந்திருந்தது. நாலரைக்குச் சாய்ந்தான், இன்னும் மலர்ந்திருந்தது. மனைவி கடிகாரத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வந்துச்சா?”

“இல்ல.”

“லேசாக்கூடவா?”

“இல்லடி. நல்லா இருக்கேன்.”

“நாசமாப் போக” என்று முணுமுணுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், புருஷன் நன்றாக இருக்கிறான் என்று அழும் பெண்ணை முதன்முதலாகப் பார்த்து வேறு பெஞ்சுக்கு மாறினார்.

ஐந்து மணிக்குக் கிரேன் தானாக எழுந்து நடக்கத் தொடங்கினான். வலிக்காத கடைசி நேரம் இது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சுவரிலிருந்து சுவருக்கு நடந்தான். இடப்பக்கம் திரும்பினான், வேண்டுமென்றே இன்னொரு தடவை திரும்பினான். வேலை போகாமல் இருக்க வலி வர வேண்டும். வரட்டும், ஆனால் இன்னும் ஐந்து நிமிடம் கழித்து வரட்டும். மனதுக்குள் அவன் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தான், அந்த எதிராளிக்குக் காது இல்லை.

ஐந்து இருபதுக்கு ஒரு திருப்பத்தில் நடை நின்றது. கை தானாகப் போய் நாற்காலி முதுகைப் பிடித்தது. நர்ஸ் எதையும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் வந்தபோது ஐந்து நாற்பது. கிரேன் பின்னால் சாய முயன்றான். பாதிகூடப் போகவில்லை. சத்தமும் போடவில்லை. நெற்றியில் வேர்வை பூத்தது, கால்விரல்கள் செருப்பைக் கவ்வின.

“இப்ப எத்தனை?” என்றார் டாக்டர் மெல்ல.

வாசல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த வாய்தா பத்து விரலையும் விரித்துக் காட்டினார். கிரேன் அவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பூஜ்யம் இருந்தது.

“ஆறு” என்றான். கொஞ்சம் நின்று, “ஆறுன்னா இவ்வளவா? இதோடவா நான் தினம் நூத்தி நாப்பது மூட்டை தூக்கினேன்?” என்றான். யாரையும் கேட்கவில்லை. அவன் மனைவி முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

டாக்டர் அவர்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கணினியில் ஆறு என்று தட்டினார். அது சற்று யோசித்துவிட்டு, எட்டிலிருந்து ஆறுக்கு வந்துவிட்டதால் நோயாளி குணமடைந்து வருகிறார், மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை என்று பச்சை எழுத்தில் காட்டியது. டாக்டர் அதற்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நர்ஸ் கேட்காத மாதிரி இருந்தாள். அவர் திரையை அணைத்துவிட்டு இழுப்பறையிலிருந்து கடிதத் தாளும் பேனாவும் எடுத்தார்.

“ரெண்டாவது சோதனையை அடுத்த புதன்கிழமை வச்சுடறேன். அதுலயும் இதே மாதிரி போய்த் திரும்பி வந்தா, மறு வாரமே சூடு. மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் இருக்கும். கம்பெனிக்கு என் கையாலயே எழுதறேன். ஒத்துக்குவாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

“வலி போகலன்னா?” என்றான் கிரேன்.

“போகலன்னு சொல்லுங்க. போச்சுன்னா போச்சுன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க.”

கடிதத்தை மனைவி வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள்.

வெளியே வாய்தா படியிலேயே மறித்தார். “ஆறா? ஒன்பதுன்னு சொல்லியிருந்தா பயந்து நாளைக்கே சூடு வச்சிருப்பார். கெடுத்துட்டியே மாப்ளே.”

கிரேன் படிகளைப் பார்த்தான். மொத்தம் பதினான்கு படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கினான். மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினான்.

“வலிக்குது மச்சான்” என்றான். “தோள் குடுங்க.”

கிடங்குக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. வாய்தா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு படி கீழே இறங்கித் தோளைக் கொடுத்தார்.